சுவரில் என் பாதி

மார்ச் 4, செவ்வாய்

இனி வீட்டிலிருந்தே வேலை. மாடிக்கு இணைய இணைப்பு வாங்க வேண்டும். கேபிள் என்றால் தெருக் கம்பத்திலிருந்து வயர் இழுத்து, முன்பக்கச் சுவரில் துளை போட்டு உள்ளே கொண்டுவர வேண்டும். வயர்லெஸ் என்றால் ஜன்னலில் ஒரு பெட்டியை வைத்தால் போதும். நான் கேபிள்தான் என்று தீர்மானித்திருந்தேன். என் வேலை அப்படி. காது கேளாத நோயாளி ஆஸ்பத்திரியில் இருப்பார், பக்கத்தில் டாக்டர் இருப்பார். டாக்டர் பேசுவதை நான் வீட்டிலிருந்தபடி திரையில் சைகையாக்க வேண்டும். போனில் ஒரு சொல் விட்டுப்போனால் மறுபடி கேட்கலாம். திரையில் சைகை விட்டுப்போனது தெரிந்தால்தானே கேட்பதற்கு?

சாயங்காலம் கீழ்வீட்டிலிருந்து அண்ணன் வந்தான். வயர்லெஸ் பெட்டியை வாங்கியே கொண்டுவந்துவிட்டான். "இப்பதான் பெயின்ட் அடிச்சிருக்கேன். சுவத்துல யாரும் கை வைக்கக் கூடாது" என்றான்.

சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

மார்ச் 6, வியாழன்

இணையம் காலையில் பறக்கிறது. நாலு மணிக்கு மேல், தெருவில் எல்லோரும் வீடு திரும்பியதும், படுத்துவிடுகிறது.

மார்ச் 11, செவ்வாய்

பெட்டியை பீரோ மேல் வைத்துப் பார்த்தேன், சமையலறை ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். குளியலறையில்தான் நன்றாக வருகிறது. நோயாளிகளை அங்கே உட்கார்ந்து பார்க்கவா?

அண்ணனிடம் போய் கேபிளைப் பற்றி மறுபடி சொன்னேன். நீ கையாட்டுற வேலைக்கு இது தாராளம் என்று சொல்லிவிட்டு டிவியைப் பார்த்தான்.

கையாட்டுற வேலை. பதினான்கு வருடமாக.

மார்ச் 13, வியாழன்

எழுதக் கை ஓடவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

மாலை ஐந்து மணி அழைப்பு. தையல்வேலை செய்யும் ஒரு பெண், கழுத்தில் கட்டி. சோதனை முடிவு வந்திருந்தது. டாக்டர் சொன்னது: "புற்றுநோய் இல்லை. ஆனா கட்டிய எடுத்துடறது நல்லது." நான் 'புற்றுநோய்' என்று சைகை காட்டினேன். அடுத்தது 'இல்லை'. காட்டினேன். அது அந்தப் பெண்ணிடம் போய்ச் சேரவில்லை. படம் அதற்கு முன்பே உறைந்துவிட்டது.

திரை அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பியிருந்ததால் டாக்டருக்குத் தெரியவில்லை. சொல்லியாயிற்று என்று நினைத்து அடுத்த அறைக்குப் போய்விட்டார். அந்தப் பெண் அழுவதைப் பார்த்த நர்ஸ், நிம்மதியில் அழுகிறார் என்று நினைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தாராம்.

பதினோரு நிமிடம். இங்கே நான் பெட்டியை அணைத்து, போட்டு, அணைத்து, போட்டு... ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினால் யாரும் எடுக்கவில்லை. மறுபடி படம் வந்தபோது, தன் மகளுக்கு அவர் மெசேஜ் அனுப்பி முடித்திருந்தார்.

இல்லை, இல்லை, இல்லை என்று எத்தனை தடவை காட்டினேனோ. அவர் முதலில் நம்பவே இல்லை. சமாதானம் சொல்கிறேன் என்று நினைத்தார்.

மார்ச் 14, வெள்ளி

மேற்பார்வையாளர் கூப்பிட்டார். திட்டவில்லை, அதுதான் வலித்தது. கேபிள் இணைப்பு வரும்வரை ஆஸ்பத்திரி அழைப்பு எதுவும் எனக்குக் கிடையாதாம். ஞாயம்தான். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

அண்ணன் மேல் கோபமா, என் மேலா? அந்தப் பெட்டி எப்படி என்று முதல் வாரமே எனக்குத் தெரியும். தெரிந்துதானே ஐந்து மணி அழைப்பை எடுத்தேன்.

மார்ச் 17, திங்கள்

கேபிள்காரரை வரச்சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். பன்னிரண்டாயிற்று, ஆள் இல்லை. போன் பண்ணினால், "வந்தேனேம்மா. கேட்லயே ஐயா திருப்பி அனுப்பிட்டாரு. வீட்டு ஓனர் வேணாம்னா நாங்க என்ன செய்யறது?" என்கிறார்.

ஓனராம்!

அப்பா இந்த வீட்டை எங்கள் இருவர் பெயருக்கும் எழுதிவைத்துவிட்டுத்தான் போனார். கணவரை விட்டுவந்து ஆறு வருடமாக மாடியில் விருந்தாளி மாதிரி நடந்துகொண்டது யார்? நான்தான். துணி காயப்போடக்கூட கேட்டுவிட்டுத்தானே போட்டேன். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடையே வலிக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

கேட்டில் நானே நின்று கேபிள்காரரை உள்ளே அழைத்துவந்தேன். அண்ணன் சுவருக்கு முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சுவத்துல பாதி என்னுது," என்றேன். "என் பாதியில ஓட்டை போடுறேன். உன் பாதிக்கு நீ பெயின்ட் அடிச்சுக்கோ."

தையல்கார அம்மாவின் பதினோரு நிமிடத்தையும் சொன்னேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று, ஆனால் நகரவில்லை.

டிரில்லின் வயர் பிளக்குக்கு எட்டவில்லை. வாசலில் நின்றிருந்த அண்ணி உள்ளே போனார். எக்ஸ்டென்ஷன் பெட்டியோடு வந்து, அண்ணனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி, அவன் காலருகே இருந்த பிளக்கில் சொருகினார்.

துளை என் சுண்டுவிரல் அளவுதான். இதற்கா இவ்வளவு?

மார்ச் 26, புதன்

தையல்கார அம்மாவுக்கு இன்று காலை ஆபரேஷன் விளக்கம். வேறு ஆள் வேண்டுமா என்று கேட்டார்களாம், நானே வேண்டும் என்றாராம். ஏன் என்று புரியவில்லை. டாக்டர் வருவதற்கு முன் என்னைத் திட்டித் தீர்த்தார். மகள் வேலையைப் போட்டுவிட்டு எட்டு மணி நேரம் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாளாம். சைகையில் திட்டினால் கண்ணை எடுக்க முடியாது, முழுவதும் பார்த்தாக வேண்டும். பார்த்தேன். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

அண்ணன் இன்னும் பேசவில்லை. அண்ணி மூலம் செய்தி: உரிமை பேசுகிறவளோடு சேர்ந்திருக்க முடியாது, வீட்டைப் பிரித்துவிடலாம்.

பிரிக்கட்டும். எனக்கு மட்டும் என்ன?

மே 22, வியாழன்

பத்திரம் பதிவானது. மாடி எனக்கு, கீழே அவனுக்கு. இனி யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கோபம் போய்விட்டதா என்றால், போகவில்லை.

திரும்பும்போது அவன் முன்னால் நடந்தான், நான் பின்னால். தெருமுனையில் நின்றான். நான் போய்ச் சேரும்வரை நின்றான்.

"அந்தக் கேபிள்காரர் நம்பர் இருந்தா குடு. கீழேயும் ஒண்ணு இழுக்கணும்" என்றான், என்னைப் பார்க்காமல்.

கொடுத்தேன்.