ஊமைப் பலகையைக் காட்டிக் கொடுத்தவளுக்கு

அன்புள்ள ரெவாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம், குளிருக்கு என் முழங்கால் மட்டும் மக்கர் பண்ணுகிறது. நீ ஓஹையோவில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். கையெழுத்தைப் பார்த்துத் திகைக்காதே, இது அம்மாவுடையது இல்லை, என்னுடையதேதான். சர்ச்சின் கீழ்த்தளத்தில் தபால் நிலையத்து கேஹார்ட் அம்மாள் நடத்தும் வகுப்புக்குக் கோடையிலிருந்து போகிறேன். இப்போது கோழித்தீவன மூட்டை, இருமல் மருந்து, சோப்பு உறை எதையும் விடுவதில்லை, எல்லாவற்றையும் சத்தமாகப் படிக்கிறேன், அம்மா காதைப் பொத்திக்கொள்கிறாள். இத்தனை காலமும் நான் சொல்லச் சொல்ல அவள் உனக்கு எழுதினாளே, அதில் அவளுக்குப் பிடிக்காததையெல்லாம் விட்டுவிட்டிருக்கிறாள் என்பது, அவள் எழுதும்போது எட்டிப் படித்ததில் இப்போதுதான் தெரிகிறது. இனி அந்தக் கதை நடக்காது. என் கையால் எழுதும் முதல் கடிதம் உனக்குத்தான் என்று வைத்திருந்தேன். சந்தோஷமான கடிதமாக எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன் ரெவா.

போன சனிக்கிழமை நீ பயிற்சி கொடுக்கும் ஸ்டோன்கேட் கூடைப்பந்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு நம் பைன்ஃபோர்க் கல்லூரி அரங்கத்துக்கு வந்தாய். நான் என் வழக்கமான மூன்றாவது வரிசையில்தான் இருந்தேன், நீ திரும்பிப் பார்க்கவில்லை. எதிர் அணிக்குப் பயிற்சி கொடுப்பவள் கூட்டத்தைப் பார்த்துக் கையசைக்க முடியாது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள், என்ன ஹோபர்ட், இன்னிக்கு எந்தப் பக்கம் கை தட்டப் போற என்று சீண்டினார்கள். பொண்ணு நல்லா ஆடட்டும், நம்ம காலேஜ் ஜெயிக்கட்டும் என்றேன், எல்லோரும் சிரித்தார்கள். கடைசி நிமிடம் வரைக்கும் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் உன் பெண்கள் இரண்டு பேர் நம் அணித்தலைவி ட்வைலாவை இடது மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள், அதுவும் நேராக அந்த இடத்துக்கு. போக வழியில்லாமல் அவள் பந்தை ஒரு தட்டுத் தட்டினாள், பந்து மேலே வரவே இல்லை, ஈரச் சாக்கில் விழுந்த மாதிரி அப்படியே கிடந்தது. உன் பெண் அதை அள்ளிக்கொண்டு ஓடிப்போய் வளையத்தில் போட்டாள், ஆட்டம் முடிந்தது. எனக்குப் பின்னால் எர்வின் ஃப்யூகேட் மெதுவாக, ஊமைப் பலகைய அவளுங்களுக்குச் சொல்லிட்டாடா உன் பொண்ணு என்றான்.

அந்தப் பலகை எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும், ஆனாலும் என் கையால் எழுதிப் பார்க்க ஆசை. வெள்ளம் வந்த வருஷம் அரங்கத்தின் தரை ஊறிப் பிதுங்கிப் போயிற்று. நாங்கள் வேலை பார்த்த சுரங்கமும் மூடிக் கிடந்தது, நானும் எர்வினும் இன்னும் சில பேரும் சும்மா இருந்த கையோடு மேப்பிள் பலகை அடித்தோம். இடது மூலையில் குளிருக்கு அரங்கத்தைச் சூடாக்கிய பழைய அடுப்புக் குழி இருந்ததால் அங்கே மட்டும் அடிக்கட்டை சரியாக உட்காரவில்லை. பந்தை அடித்தால் எழும்பாமல் செத்துப் போகும், அதுதான் ஊமைப் பலகை. பிரித்து மறுபடி அடிக்கலாம் என்று நாங்கள் போனபோது, அன்றைக்குப் பயிற்சி கொடுத்த கிழவர் விட்டேக்கர் குனிந்து பந்தைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பலகையில எவனாவது கை வச்சீங்கன்னா உங்க காலை ஒடிச்சிடுவேன், எதிராளிய இங்க கூட்டிட்டு வந்து விட்டா போதும்டா என்று சிரித்தார். அதிலிருந்துதான் வழக்கமும் வந்தது. பருவத்தின் முதல் நாள் பயிற்சியில் பழைய ஆட்டக்காரர்கள் புதியவர்களைச் செருப்பில்லாமல் தரை முழுக்க நடக்க வைப்பார்கள், பாதமே அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், யாரும் வாய் திறந்து சொல்லக்கூடாது. கண்டுபிடித்தவர் பார்க்க வருகிறவர்கள் உட்காரும் மரப்படிகளுக்கு அடியில் ஆணியால் தன் பெயரைக் கீற வேண்டும். யாராவது வெளியே சொல்லிவிட்டால், அவருடைய அப்பா அம்மாவே அந்தப் பெயரைத் தேய்த்து அழிக்க வேண்டும். இதுவரை யார் பெயரும் அழிந்ததில்லை.

ஆட்டம் முடிந்ததும் நீ வீட்டுக்கு வருவாய் என்று அம்மா பீன்ஸ் வேகவைத்து, சோளரொட்டி சுட்டு, காய்ந்த ஆப்பிள் வைத்து அடுக்குக் கேக்கும் செய்து வைத்திருந்தாள். உன் பஸ் நேராக ஓஹையோவுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது நான் எடுக்கவில்லை, அடுப்படியில்தான் இருந்தேன், அம்மா பேசியது மட்டும் கேட்டது. அது விளையாட்டும்மா, தெரிஞ்சதை யாராவது தெரியாத மாதிரி வச்சிருப்பாங்களா, என் பொண்ணுங்களும் ஜெயிக்கணும்ல என்றாயாம். அம்மாவும் என் பக்கம் இல்லை. கோணல் பலகைய வச்சு வர்றவங்களையெல்லாம் ஏமாத்தினது நீங்க, இப்ப அவ மேல என்னங்க கோபம் என்று கேட்கிறாள். அவள் கேட்பதும் நியாயம்தான். ஆனால் உனக்கு அந்த இடத்தை ஸ்டோன்கேட்டா காட்டியது? நீ நம் கல்லூரிக்கு ஆட வந்த வருஷம் நம் பிள்ளைகள்தான் உன்னைச் செருப்பில்லாமல் நடக்க வைத்தார்கள். வேறு எப்படி ஜெயித்திருந்தாலும் நான் எழுந்து நின்று கை தட்டியிருப்பேன். இதைத்தான் நெஞ்சு ஆறாமல் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை எர்வின் வீட்டுக்கு வந்தான், முகத்தைப் பார்க்காமல் மரம் தேய்க்கிற ஒரு உப்புத்தாளை மேசைமேல் வைத்துவிட்டு, வழக்கம்னா வழக்கம்தான் ஹோபர்ட், பழைய ஆட்டக்காரங்க எல்லாம் பிப்ரவரி கடைசி சனிக்கிழமை வர்றாங்க, அதுக்குள்ள முடிச்சிடு என்றான். ஒரு வாய் கேக் சாப்பிடச் சொன்னாள் அம்மா, அதுவும் வேண்டாம் என்றுவிட்டான். நான் டார்ச் எடுத்துக்கொண்டு அரங்கத்துக்குப் போனேன், மரப்படிகளுக்கு அடியில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு ஊர்ந்தேன், அழிக்க வேண்டும் என்றுதான் போனேன். எத்தனை பெயர்கள் ரெவா! ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தேன், போன வேலையே மறந்துபோயிற்று, ஒரு மணி நேரம் திருவிழாவுக்குப் போனவன் மாதிரி இருந்தேன். அப்புறம் உன்னுடையது வந்தது. வகுப்பில் சேர்ந்த அன்று முதலில் எந்தச் சொல் வேண்டும் என்று கேஹார்ட் அம்மாள் கேட்டபோது, என் பெயரைக் கூட நான் கேட்கவில்லை, ரெவா என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். அதே எழுத்துகள், நீ சின்ன வயதில் எழுதியது போலவே வலப்பக்கம் சாய்ந்து. எனக்குப் படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் அது மரத்தில் ஒரு கீறல், தேய்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பேன். இப்போது கை எழவில்லை. அதனால் உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே, அது அப்படியேதான் இருக்கிறது.

எர்வினிடம், என்னால் ஆகாது, அவளே வருவாள் என்று சொல்லிவிட்டேன். பிப்ரவரி கடைசி சனிக்கிழமை வா. எல்லோர் முன்னாலும் நீயே உன் பெயரைத் தேய்த்தாலும் சரி, தேய்க்கமாட்டேன் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னாலும் சரி, எதுவானாலும் உன் கையாலும் உன் வாயாலும் நடக்கட்டும், நான் மூன்றாவது வரிசையில் இருப்பேன். அன்றைக்காவது திரும்பிப் பார்.

மலைச்சாலையில் பனி உறைந்திருக்கும், வண்டியை மெதுவாக ஓட்டு, சங்கிலி போடாமல் கிளம்பாதே. வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. கடவுள் உன்னையும் உன் பெண்களையும், எங்களை ஜெயித்தவர்கள் என்றாலும், நன்றாக வைக்கட்டும். உப்புத்தாளை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். மறக்காமல் எடுத்துக்கொண்டு வா, அது எர்வினுடையது, திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு, யாரிடமும் கேட்காமல் தானே எழுதிய
உன் அப்பா
ஹோபர்ட் காடில்