பாதிச் சுவர்க் கிணற்றில் கிடப்பவரை எடுக்க அனுமதி கோரும் மனு

அனுப்புநர்:
கொத்தனார் (நேற்று வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்),
சூளைத் தெரு, கடைசி வீடு.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
கட்டடப் பிரிவு.

பொருள்: அலுவலகத்தின் பின்புறப் பள்ளத்தில் கிடக்கும் என் முன்னோரை எடுத்துக்கொள்ள இரண்டு நாள் அவகாசம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

1. என் கொள்ளுத்தாத்தாவின் தகப்பனார் கிணறு வெட்டுபவர். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு பண்ணையாரின் தானியக் கிடங்குக்குப் பின்னால் கிணறு வெட்டினார். மேற்குப் பக்கம் செங்கல் கட்டி முடித்த நிலையில் கிழக்குப் பக்கம் மண் சரிந்து உள்ளேயே புதைந்துபோனார். இறங்கினால் இன்னும் நாலு பேர் சாவார்கள் என்று கிணற்றை மூடிவிட்டார்கள். அவர் மனைவி கைக்குழந்தையோடு அன்றே ஊரைவிட்டு நடந்தார். கல் சுமந்து மகனைக் கொத்தனாராக்கினார். நாங்கள் அந்த வழி வந்தவர்கள்.

2. அந்த ஊர்ப் பெயரை அந்த அம்மாள் சாகும்வரை வாயெடுத்துச் சொல்லவில்லை. கிடங்கையும் பாதிச் சுவரையும் மட்டும்தான் சொன்னார். அதை வைத்துக்கொண்டு என் அப்பாவும் நானும் வேலைக்குப் போன இடமெல்லாம் பழைய கிணறுகளை எட்டிப் பார்த்துத் திரிந்தோம். பார்த்தவர்கள் பைத்தியம் என்றார்கள்.

3. நேற்று முன்தினம் தங்கள் பள்ளத்தில், மேற்கே மட்டும் அரை வட்டமாகச் செங்கல் சுவர் தெரிந்தது. அருகிலேயே கிடங்கின் கருங்கல் அடித்தளமும் இருக்கிறது. உதவிப் பொறியாளரிடம் சொன்னேன். "இத்தனை வருஷமா கெடக்கிறவருக்கு இப்ப என்னய்யா அவசரம்? பாதி தோண்டின பள்ளம் கெடைச்சிருக்கு, நமக்கு வேலை மிச்சம்" என்று சிரித்தார். நேற்று மேற்கொண்டு தோண்ட மறுத்தேன், நிறுத்திவிட்டார். வேலை போனதற்கு வருந்தவில்லை. அவர் சிரித்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

4. அந்தக் கைக்குழந்தையின் பேத்தியான என் அத்தைக்கு வயது எண்பத்து நான்கு. நான் செருப்பைக் கழற்றுமுன்பே, "எடுத்துட்டியாடா?" என்று கேட்கிறார். மண் ஈரமாக இருக்கிறது, காய வேண்டும் என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

5. இயந்திரம் வேண்டாம். நானும் தம்பியும் கையாலேயே தோண்டுவோம், கூலி வேண்டாம். நாலு எலும்பு கிடைத்தாலும் போதும். நாளைக் காலை கான்கிரீட் லாரி வருகிறது என்று காவலாளி சொன்னார். இம்மனு தங்கள் மேசைக்கு வர எத்தனை நாளாகும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆகவே நம்பிக்கையோடு எழுதவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை.

6. அவகாசம் தர இயலாவிட்டால், ஒன்று மட்டும் செய்து தர வேண்டுகிறேன். அந்த இடத்தையாவது பார்த்தே தீருவேன் என்று அத்தை நிற்கிறார். அழைத்து வந்துதான் ஆக வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பார். அங்கே 'கழிவுநீர்த் தொட்டி' என்று பலகை மட்டும் வைக்காதீர்கள், அய்யா.

இடம்: பள்ளத்தருகே, காவலாளி அறை
நாள்: வியாழன்

இங்ஙனம்,
(கையொப்பம்)
கொத்தனார்