இரண்டாவது ஆணி

என் தவளைக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். நான்கு நாளாக நீ போனை எடுக்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். என் கோழிக்கிறுக்கலைப் படிப்பதுதான் உனக்குத் தண்டனை.

உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோது ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள் நான் சொல்லிக்கொடுக்கும் நீச்சல் வகுப்பு இடைவேளையில், நீச்சல்குளத்து ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். கம்ப்யூட்டருக்குள் ஒரே நேர்கோட்டில் ஒரு துகளை அலையாக ஓடவிட்டு, நடுவில் இருந்த சுவரில் மோதவிட்டாய். பெரும்பகுதி திரும்பியது, கொஞ்சம் சுவரைத் தாண்டிக் கசிந்தது. அதுவரை சரி. தாண்டிய பக்கம் எழுந்த சின்ன மேட்டைத்தான் புதுசு என்று நம்பி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிவிட்டாய். உண்மையில் நீ போட்ட கோடு நீளம் போதாமல், கசிந்த அலை கடைசிவரை போய் முட்டித் திரும்பி அந்த மேடாக எழுந்திருக்கிறது. இதைப் படிக்கும்போதே ஒரு குண்டு மாமா தொபீரென்று குதித்தார். அலை எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வந்து என் முழங்காலை நனைத்தது. அட, இவ்வளவுதானா என்று சிரித்துவிட்டேன். இப்போது ஓரங்களில் அலையை விழுங்க ஏதோ வைத்திருக்கிறாயாமே. எங்கள் புதுக் குளத்து ஓர வடிகாலும் அதே வேலையைத்தான் செய்கிறது. என்னைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன், போ.

அப்பாவுக்கு வருவோம். அந்த மேட்டுப் படத்தைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டி, ஒயரிங் வேலைக்குப் போகிற வீடெல்லாம் பெருமையடித்தவர் அல்லவா? உன் கடிதம் வந்த மறுநாள் அவர் வீடு திரும்ப நேரமாகிவிட்டது. சொன்ன வீட்டுக்கெல்லாம் திரும்பப் போனாராம். "அது தப்புங்க. அச்சுக்கே ஏத்துக்கிட்டாங்க, ஒருத்தரும் கண்டுபிடிக்கல. எம் பொண்ணே கண்டுபிடிச்சு, கட்டுரையை அவளே திரும்ப வாங்கிட்டா" என்று சொன்னாராம். முன்பைவிட இப்போதுதான் நெஞ்சை நிமிர்த்திப் பேசினார் என்கிறாள் மாடி வீட்டுத் தையல்காரி. எனக்கும் பெருமைதான், ஒளிப்பானேன்? நீ பேசாமல் இருந்திருந்தால் இந்த வருஷமே டாக்டர் பட்டம் கைக்கு வந்திருக்கும்.

பட்டம் ஒரு வருஷம் தள்ளிப் போனால் போகட்டும். ஆனால் 'நான் இதற்கு லாயக்கில்லை, வீட்டுக்கே வந்துவிடுகிறேன்' என்று கடைசியில் எழுதியிருக்கிறாயே, அதைப் படித்துத்தான் எனக்குக் கோபம் வந்தது. லீவுக்கு வா, பிடித்ததெல்லாம் ஆக்கிப் போடுகிறேன். மூட்டை கட்டிக்கொண்டு வராதே.

படத்தைக் கழற்றச் சொன்னாய். அப்பா மாட்டேன் என்கிறார். நீ தப்பைப் பிடித்த தேதியை அதன் கீழே எழுதி வைத்திருக்கிறார். பக்கத்தில் இன்னோர் ஆணியும் அடித்தாகிவிட்டது. சும்மாதானே இருக்கிறது என்று நான் ஈரத்துண்டை மாட்டினால், எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறார்.

நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு. நாளைக்காவது போனை எடு. ஆணிக்கு ஒன்றும் அவசரமில்லை, கண்ணு.

உன் அம்மா