பன்னிரண்டு எழுத்து போதும்

அன்புள்ள பட்டாணிக்கு,

இங்கே நான் நலம், அம்மா ஏறக்குறைய நலம். அந்த ஏறக்குறையவைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முப்பத்தொரு வயதில் இன்னும் பட்டாணியா என்று நீ முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. பொறுத்துக்கொள், கடைசியில் அந்தப் பெயருக்கு ஒரு வேலை இருக்கிறது. ஏழு வாரமாக நீ போன் செய்யும்போதெல்லாம் அம்மா ஏன் முகத்தை மட்டும் காட்டுகிறாள், ஏன் எழுந்து நடமாடுவதே இல்லை என்று நீ இரண்டு முறை கேட்டாய். நான் இரண்டு முறையும் பேச்சை மாற்றினேன். அவள் போட்ட உத்தரவு அப்படி. "அவகிட்ட மூச்சு விடாதீங்க, அடுத்த விமானத்துல வந்து நிப்பா" என்றாள். நேற்றோடு அந்தத் தடை நீங்கிவிட்டது.

நடந்தது இதுதான். ஏழு வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து பத்துக்கு அம்மா முதல் பஸ்ஸை எடுக்கக் கிளம்பினாள். மாடிப்படியில் கீழிருந்து மூன்றாவது படியில் பழைய செய்தித்தாள் கட்டு ஒன்று இருந்தது. அதில் கால் வைத்தாள், கட்டு வழுக்கியது, வலது கணுக்கால் உள்பக்கமாக மடங்கியது. அந்தக் கட்டை அங்கே வைத்தது யார் என்று நீ கேட்பாய். நான்தான். நாளைக்கு எடுத்துவிடுகிறேன் என்று நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். விழுந்தவள் முதலில் கேட்டது காலைப் பற்றியல்ல. "அதுல உங்க செய்தி வந்த பேப்பரும் இருக்கா?" என்றாள். இருக்கிறது என்றேன். "இருபத்தாறு வருஷமா நடுரோட்டுல எவ்வளவோ பாத்துட்டேன், கடைசியில உங்க எழுத்துதான் என்னைச் சாய்ச்சிருக்கு" என்றாள்.

எலும்பு முறியவில்லை, தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, கெட்ட சுளுக்கு என்று மருத்துவர் சொன்னார். மேல் வீட்டுத் தையல்காரர் எண்ணெய்க் கிண்ணத்தோடு இறங்கி வந்து, நன்றாக நீவிவிட்டால் இரண்டே நாளில் ஓடலாம் என்றார். வீங்கியிருக்கும்போது அமுக்கித் தேய்க்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் கிண்ணத்தை வாங்கி வைத்துக்கொண்டு அவரைத் திருப்பி அனுப்பினேன். முதல் சில நாள் பனிக்கட்டி ஒத்தடம், இறுக்கமில்லாத கட்டு, தலையணை மேல் கால். பிறகு வாரம் இரண்டு நாள் பிசியோவிடம் போனோம். பிசியோ உன் வயசுப் பெண்தான், ஆனால் குரலில் தலைமை ஆசிரியை. கால்விரலால் தரையில் கிடக்கும் துண்டைச் சுருட்டி இழுப்பது, ரப்பர் பட்டையை மாட்டிப் பாதத்தை அழுத்துவது, இதெல்லாம் கற்றுக்கொடுத்தாள். அதோடு ஒரு எழுத்து வேலை. உட்கார்ந்தபடி காலை நீட்டி, கட்டைவிரலைப் பேனாவாக நினைத்துக்கொண்டு, அ முதல் ஔ வரை பன்னிரண்டு உயிரெழுத்தைக் காற்றில் எழுத வேண்டும், காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. கணுக்கால் எல்லாப் பக்கமும் அசைய அது நல்ல பயிற்சியாம். "வலி எட்டிப் பாத்தா நிறுத்திடுங்கம்மா. அது உள்ள வந்து உக்காந்தப்புறம் நிறுத்திப் பிரயோஜனமில்ல" என்றாள். அம்மா தலையை ஆட்டினாள். அவள் தலையாட்டினால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

இடையில் டிப்போவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எட்டு வாரத்துக்குள் உடல்தகுதிச் சோதனையில் தேறினால் மறுபடி வண்டி. தேறாவிட்டால், ஓய்வு பெறுகிற வரைக்கும், அதாவது இன்னும் மூன்று வருஷம், பயணிகள் தொலைத்த பொருள்களைத் திருப்பிக் கொடுக்கிற கவுன்ட்டர். அம்மா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "குடைகளோட குடும்பம் நடத்தச் சொல்றாங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் அன்று முழுவதும் ஜன்னல் பக்கமே உட்கார்ந்து, தெருமுனையில் அவளுடைய வண்டி வேறொருவர் கையில் திரும்புவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வளைவை அகலமாக எடுக்கிறான் என்று ஒவ்வொரு தடவையும் குறை சொன்னாள்.

மூன்றாவது வாரம் வீக்கம் நன்றாக வடிந்தது. நான்காவது வாரம் திடீரென்று பழையபடி பன் மாதிரி உப்பிவிட்டது. பிசியோ என்னைப் பார்த்து, "சார், வீட்ல அவங்களை என்ன செய்ய வைக்கிறீங்க?" என்றாள். நான் ஒரு பாவமும் அறியேன். பயிற்சிகளை நோட்டில் நேரம் போட்டு எழுதி வைத்திருந்தேன், காட்டினேன், ஒரு தப்பும் இல்லை. அப்படியானால் நோட்டில் வராத ஏதோ நடக்கிறது. இரண்டு நாள் கழித்துச் சாப்பாட்டு மேசையிலிருந்து பேனா மூடி கீழே விழுந்தது, எடுக்கக் குனிந்தேன். எதிரே அம்மாவின் கால் நீண்டு அசைந்துகொண்டிருந்தது. மேலே அவள் ஒன்றும் தெரியாத முகத்தோடு காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அதிகாரிகள் மேசைக்கு அந்தப் பக்கம் வைத்திருக்கும் காகிதத்தைத் தலைகீழாகப் படித்தே பாதிச் செய்தி சேகரித்தவன் நான். கால் எழுத்தும் பிடிபட்டது. ஙே, ஙை, ஙொ. மொழியில் யாருக்கும் ஒரு நாளும் வேலை வைக்காத எழுத்துகள்.

விசாரித்தேன். பத்து நாளாக இது நடக்கிறது. இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும், ஆய்தம் உட்பட, நான் காலையில் குளிக்கப் போனபின் ஒரு சுற்று, மதியம் கண்ணயர்ந்தபின் ஒரு சுற்று. இருபத்துநான்கு எழுதச் சொன்ன இடத்தில் நாளைக்கு நானூற்றுத் தொண்ணூற்று நான்கு. அன்று மட்டும் மதியச் சுற்று சமையல் நேரம் வரை இழுத்துவிட்டதாம், அதனால் மாட்டிக்கொண்டாள். ஏன் இப்படிச் செய்தாய் என்றேன். "பாதி வழியில பயணிகளை இறக்கிவிட்டுட்டு வர்ற பழக்கம் எனக்குக் கிடையாது" என்றாள். பிசியோவிடம் போட்டுக்கொடுக்கக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டாள். என் நிலைமையை யோசித்துப் பார். சொன்னால் வீட்டில் இருக்க முடியாது, சொல்லாவிட்டால் அவள் குடைகளோடு இருப்பாள். அடுத்த முறை போனபோது, அம்மா இருநூற்று நாற்பத்தேழும் எழுதுவதாக நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன என்று மட்டும் பிசியோவிடம் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "நம்ம வீட்ல இருக்கறதே ரெண்டு வட்டாரம், அதுல ஒண்ணு நான்" என்றாள்.

பிசியோ திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சோதனைக்கு இன்னும் இருபத்தைந்து நாள்தான் இருக்கிறது, அதில் ஐந்து நாள் வெறும் ஓய்வுக்கும் ஒத்தடத்துக்கும் போய்விடும், மிச்சத்தில் காலைத் தேற்ற வேண்டும் என்று கணக்குச் சொன்னாள். "உங்க காலுக்கு வேகம் பத்தலைன்னு நான் சொல்லவே இல்லையேம்மா. பிரேக்தான் பத்தலை" என்றாள். பின் என் பக்கம் திரும்பி, ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சியை இருவரும் சேர்ந்து செய்ய வேண்டும், அப்போதுதான் ஒருவர் இன்னொருவரைக் கண்காணிக்க முடியும் என்று எனக்கும் தண்டனை கொடுத்தாள். தினமும் காலையில் பல் தேய்க்கும்போது தொட்டியின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். முதல் நாள் நான் பதினொரு விநாடி. சுளுக்குப் பட்டவள் பதினெட்டு. "நல்ல கால் ரெண்டு வச்சுக்கிட்டு இதுக்குமேல நிக்க மாட்டீங்களா?" என்று வாயில் நுரையோடு கேட்டாள்.

நேற்று சோதனை. பயணிகள் இல்லாத வண்டியை ஓட்டிப் பத்து முறை திடீர்ப் பிரேக் போடச் சொன்னார்கள், படியில் ஏறி இறங்கச் சொன்னார்கள், வலது காலில் மட்டும் முப்பது விநாடி நிற்கச் சொன்னார்கள். நிறுத்துக் கடிகாரம் வைத்திருந்தவர் போதும் என்று சொன்ன பிறகும் நான்கு விநாடி நின்றாள், அது அவள் சுபாவம். பிறகு வெளியே உட்காரச் சொன்னார்கள். நடைபாதையில் அவள் ஒரு பெஞ்சு, நான் எதிர்ப் பெஞ்சு. மேலாளர் அறைக்குள் இரண்டு பேர் காகிதத்தை வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அப்போது வலது செருப்பின் நுனி அசைய ஆரம்பித்தது. பழைய குருடி கதவைத் திறடி என்று நினைத்து வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் படித்துவிட்டேன். ப. ட். டா. ணி. எழுதி முடித்துவிட்டுக் காலை இறக்கி வைத்துக்கொண்டாள். நான்கே எழுத்து, பிசியோ அனுமதித்ததற்குள் அடக்கம். புகார் செய்ய ஒன்றுமில்லை.

கதவு திறந்தது. திங்கட்கிழமை முதல் வண்டி உங்களுதுதாம்மா என்றார் மேலாளர். அம்மா எழுந்தாள், வலது காலை முதலில் ஊன்றி.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். கால் எப்படி என்று கேள், செருப்பு நுனி சங்கதியை மட்டும் நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. அடுத்த வருஷம் லீவு கிடைக்குமா என்றும் பார். அவள் கேட்க மாட்டாள், கால்தான் கேட்கும். போனைப் பார்த்துக்கொண்டே படி இறங்காதே, எதையும் படியில் வைக்காதே. இங்கே எங்கள் படியில் இப்போது ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. போகிற இடமெல்லாம் உன் கால் நன்றாக ஊன்ற வேண்டும், ஊன்றிய இடத்தில் நீ நிறைவாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசியும் அதுவே.

இப்படிக்கு,
நம்பத்தகுந்த வட்டாரம்,
உன் அப்பா