உன் பங்கைப் பன்றி தின்ற கிறிஸ்துமஸ்

தபுனேயா, அபையாங் தீவு
ஜனவரி 4

அன்பு மகள் அகினேதாவுக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலை சொல்கிறோம். இங்கே உன் அப்பாவுக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை, எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. நவம்பர் காற்றில் சாய்ந்த போன் டவரை இன்னும் யாரும் வந்து நிமிர்த்தவில்லை, அதனால்தான் கிறிஸ்துமஸுக்கு உன் குரலைக் கேட்க முடியாமல் போனது. உன் சித்தப்பா மகன் இயோதெபா சனிக்கிழமை விமானத்தில் தராவாவுக்குப் போய் அங்கிருந்து பிரிஸ்பேன் வருகிறான், இதை அவனிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். அவன் வாய் சும்மா இருக்காது என்று உனக்குத் தெரியும். நம் பன்றிக்கு ஊரே உன் பெயரை வைத்திருக்கிறது என்று விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு சொல்வான். அது உண்மைதான். அவன் சொல்லி நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், அதற்குக் காரணம் உன் அம்மா.

நீ போன பிறகு வந்த வழக்கம் ஒன்று இருக்கிறது, முன்பு எழுதினேனா என்று ஞாபகமில்லை. நம் ஊர் மண்டபம் மனேயபாவுக்குத் தகரக் கூரை போட வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளெல்லாம் சேர்ந்து அனுப்பினீர்களே, அந்த வருஷம் பெரியவர் தெகாபு எழுந்து, கூரை போட்டுக் கொடுத்த பிள்ளைகளுக்கு அந்தக் கூரைக்குக் கீழே இடம் இல்லாமல் போகக் கூடாது, அவர்கள் வராவிட்டாலும் அவர்கள் பாய் இருக்கட்டும் என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு குடும்பமும் தன் தூண்களுக்கு நடுவே தனக்கு உள்ள இடத்தில், தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கும் ஒரு பாய் விரிக்கிறது, விருந்து பங்கிடும்போது அந்தப் பாய்க்கும் ஒரு பங்கு வைக்கிறார்கள். அவர் அதைச் சொன்னபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உனக்காக நானே ஒரு தாழம்பாய் பின்னினேன், நீ அனுப்புகிற பவுடர் டப்பாவை அதன் மேல் வைப்பேன், பக்கத்தில் நீ உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். முதல் வருஷம் ஏழெட்டுப் பாய்தான் இருந்தது. இப்போது வந்து பார், பாதி மண்டபம் வெறும் பாய், ஊரோடு இருக்கிற நாங்கள் ஓரத்தில் முட்டியை மடக்கிக்கொண்டு ஒடுங்கிக் கிடக்கிறோம். அந்தப் பங்குகளை யார் தின்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நாங்கள்தான் தின்கிறோம். மகள் பங்கு, மகன் பங்கு என்று சொல்லிக்கொண்டு இரண்டாவது தட்டை இழுத்துக்கொள்கிறோம்.

ரொத்தியாவை உனக்குத் தெரியாது. தீவின் வடக்கு முனையில் இருந்தவள், உன்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவளாக இருப்பாள். போன வருஷம் அவர்களுடைய பாபாய்க் கிழங்குக் குழிகளில் கடல் உப்புத்தண்ணீர் ஏறி எல்லாம் அழுகி, வீடும் விழுந்த பிறகு புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் இங்கே வந்து கோயில் நிலத்தில் ஒரு குடிசை போட்டிருக்கிறாள். நம் கிணற்றில்தான் தண்ணீர் எடுக்கிறாள். அதற்கு யாரும் தடை சொல்லவில்லை, ஆனால் மண்டபத்தில் அவர்களுக்கு இடம் இல்லை, இடம் இல்லாததால் பாய் இல்லை, பாய் இல்லாததால் பங்கும் இல்லை. கூட்டம் நடந்தால் அவள் புருஷன் வெளியே சீமைப்பலா மரத்தடியில் நின்று காதைத் தீட்டிக் கேட்பான். ஒரு வருஷமாக எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பெரியவர்கள் பேசி முடிவு செய்வார்கள் என்று நாங்களும், ஊர் கேட்டால் பேசலாம் என்று பெரியவர்களும்.

கிறிஸ்துமஸ் அன்று பூசை நன்றாகத்தான் நடந்தது. பெண்கள் பக்கம் பாட்டை எடுத்துக் கொடுத்தவள் நான். குடிலில் படுத்திருந்த மண் குழந்தைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று ஒரு சின்னப் பாயும் நான்தான் பின்னிப் போட்டிருந்தேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பக்தி குறைவாக இருந்தது என்று நீ நினைத்துவிடக் கூடாது, நிறையவே இருந்தது. பூசை முடிந்து மண்டபத்தில் உட்கார்ந்து, உபதேசியார் கைகாட்ட, சாப்பாட்டு செபத்தையும் நானே சொன்னேன், பசித்தவர்களை நினைத்தருளும் என்றுகூடச் சொன்னேன். பன்றியும் கிழங்கும் சோறும் பங்கிட ஆரம்பிக்கும்போது மேற்கிலிருந்து மழை அடித்தது. மரத்தடியில் இருந்த ரொத்தியா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடி வந்து, கூரை விளிம்புக்குக் கீழே குனிந்து நுழைந்து, நம் தூணுக்குப் பக்கத்தில் சொட்டச் சொட்ட நின்றாள். பிறகு உன் பாயைக் காட்டி மெதுவாக, "அக்கா, இதுல யாராச்சும் வர்றாங்களா?" என்று கேட்டாள். நான், "அது எம் மக எடம்" என்றேன். அவள், "ஓ, வந்திருக்காங்களா?" என்று உண்மையாகவே உன்னைத் தேடிச் சுற்றிப் பார்த்தாள். "இல்ல, பிரிஸ்பேன்ல இருக்கா, முதியோர் இல்லத்துல வேலை" என்று நான் சொன்னேன், அகினேதா, பெருமையாகச் சொன்னேன், நாலு பேருக்குக் கேட்கும்படி. அவள் உன் பாயில் தண்ணீர் சொட்டாமல் காலைப் பின்னால் எடுத்து வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி மழைக்குள் போனாள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். யாரும் தன் வெறும் பாயைத் தட்டிக் காட்டி இங்கே உட்கார் என்று அவளைக் கூப்பிடவில்லை, இதையும் எழுதிவைக்கிறேன், ஆனால் அவள் கேட்டது என்னிடம், இல்லை என்றது என் வாய்.

உன் பங்கு வந்தது. விலாக் கறி, நல்ல துண்டு. ஏற்கெனவே வயிறு நிறைந்திருந்ததால் வீட்டுக்குக் கொண்டுபோய் மூடி வைத்தேன், உன் அப்பாவும் தொடவில்லை, காலையில் திறந்தால் வாடை அடித்தது. எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டினேன், பன்றி சப்புக்கொட்டித் தின்கிறது, தலையை நிமிர்த்தினால் கிணற்றடியில் ரொத்தியா வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பார்த்துவிட்டாள். ஒரு சிரிப்புச் சிரித்து, "ஓ, இதுதான் ஒங்க மகளா? பிரிஸ்பேன்லேர்ந்து எப்ப வந்தாங்க?" என்றாள். கூடத் தண்ணீர் எடுக்க வந்தவர்கள் காதில் அது விழுந்ததா, அவ்வளவுதான். அன்று சாயங்காலத்துக்குள் பன்றிக்கு உன் பெயர். பையன்கள் வேலியோரம் நின்று, "அகினேதா, ஆஸ்திரேலியாவுல கிளைமேட் எப்படி?" என்று அதைக் கேட்கிறார்கள். நம்மைப் போலவே வெறும் பாயில் வந்த பங்கைத் தின்றவர்கள் வீட்டுப் பையன்கள்தான்.

உன்னிடம் மறைக்க மாட்டேன், முதலில் எனக்கு வந்தது வெட்கம் இல்லை, கோபம். பிழைக்க வந்தவளுக்கு இவ்வளவு வாயா என்று கொதித்தேன், உன் அப்பாவும், "கெணத்தப் பூட்டிப்புடுறேன் பாரு" என்று குதித்தார். ஊர் சிரிக்கிறதே என்பதுதான் என்னைக் குத்தியது, அவள் நனைந்தது குத்தவில்லை. இரண்டு நாள் கழித்து, மடித்து வைக்க உன் பாயை எடுத்தபோதுதான் பார்த்தேன், மேலே அரிசி மாவு போல உன் பவுடர் கொஞ்சம் சிந்தியிருந்ததே ஒழிய வேறு அழுக்கே இல்லை. மூன்று வருஷமாக ஒரு மனுஷ உடம்பு படாத பாய். அதை வைத்துக்கொண்டு நான் ஒரு தாயை மழைக்கு விரட்டியிருக்கிறேன். உபதேசியாரிடம் போய்ச் சொன்னேன். அவர், "ஊர் வழக்கத்ததானே செஞ்சீங்க, இதுல பாவம் எங்க வந்துச்சு, ஒரு செபமால சொல்லிருங்க" என்று லேசாக முடித்துவிட்டார். அவர் வீட்டிலும் இரண்டு வெறும் பாய். திட்டியிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன்.

அதனால் ஒரு பை அரிசியும் இரண்டு டின் மாட்டுக்கறியும் எடுத்துக்கொண்டு ரொத்தியா குடிசைக்கே போனேன். அவள் வலை பின்னிக்கொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஆரம்பித்தேன். "தெரிஞ்சுதாங்க்கா செஞ்சீங்க" என்றாள். சரி, தெரிந்துதான் செய்தேன் என்றேன். பையைப் பார்த்தாள். "எங்களுக்குச் சோறு என் புருஷன் கடல்லேர்ந்து கொண்டாறாரு. அன்னைக்கு நான் சோறா கேட்டேன்? உக்கார எடம் கேட்டேன். இல்லன்னு ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னீங்க, இப்ப இருக்குன்னு எங் குடிசைக்குள்ள வந்து குசுகுசுன்னு சொல்றீங்க" என்றாள். பையை அங்கே வைக்கவும் கூச்சம், திரும்பத் தூக்கிக்கொண்டு வரவும் கூச்சம். தூக்கிக்கொண்டுதான் வந்தேன், வழியெல்லாம் ஆட்கள் பார்க்க.

புதுவருஷக் கூட்டத்தில், பெரியவர்கள் பேசி முடித்த பிறகு நான் எழுந்தேன். அங்கே பெண்கள் எழுந்து பேசி நீ பார்த்திருக்க மாட்டாய், நானும் பார்த்ததில்லை. உன் அப்பா என் பாவாடையைப் பிடித்து இழுத்தார். கிறிஸ்துமஸ் அன்று ரொத்தியா இடம் கேட்டாள், காலியாக இருந்த இடத்தை இல்லை என்றேன், அது பொய், இந்தப் பாய் இனி அவள் குடும்பத்துக்கு என்று சொன்னேன். பின்னாலிருந்து எவனோ, "அப்ப பன்னி எங்க உக்காரும்?" என்றான், மண்டபமே சிரித்தது, நான் உட்காரவில்லை. தெகாபு மட்டும் சிரிக்காமல், "தெரெங்கா, பாய் ஒன்னோடது இல்ல, ஒம் மகளோடது. அவ எடத்தக் குடுக்க நீ யாரு? அவளக் கேட்டியா?" என்றார். அது ஒரு வழி, அகினேதா, நாளைக்குத் தள்ளிப்போடுகிற வழி. உன்னைக் கேட்டு, நீ சொல்லி, அது அடுத்த கூட்டத்துக்கு வந்து, அதற்குள் அவர்கள் இன்னொரு ஊருக்குப் போயிருப்பார்கள். கடல் தாண்டிப் போனவர்களுக்கு இடம் வைக்கத் தெரிந்த எங்களுக்கு, கடல் துரத்தி வந்தவர்களுக்கு வைக்கத் தெரியவில்லை. எனக்கு என்ன வந்ததோ, "கேட்டேன், சரின்னுட்டா" என்று சொல்லிவிட்டேன்.

டவர் சாய்ந்து கிடப்பது அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். தெகாபுவுக்கும் தெரியும். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மக சொன்னா சரிதான்" என்றார். வெளியே நின்ற ரொத்தியா குனிந்து உள்ளே வந்து, பிள்ளைகளை முதலில் உட்காரவைத்து, பிறகு தானும் உட்கார்ந்தாள். எனக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தாள். நன்றி சொல்லவில்லை, எதற்குச் சொல்ல வேண்டும்? கேட்காமலே உன் பவுடர் டப்பாவைத் திறந்து பிள்ளைகள் கழுத்தில் கொட்டிப் பூசினாள். பிறகு திரும்பாமலே, எனக்கு மட்டும் கேட்கும்படி, "டவர் எப்பங்க்கா சரியாச்சு?" என்றாள். அதைத் தவிர இன்றுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கிணற்றடியில் பார்த்தால் நான்தான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

இப்போது உன்னிடம் கேட்கிறேன். ஊர் முன்னால் உன் பெயரில் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன், அதை நீதான் உண்மையாக்க வேண்டும். இயோதெபா மாதக் கடைசியில் திரும்பும்போது, சரி என்று உன் கையால் ஒரு வரி எழுதிக் கொடுத்தனுப்பு, தெகாபுவிடம் காட்டுகிறேன். உனக்கு மனமில்லை என்றால் அதையும் எழுது. அது உன் இடம், உன்னைக் கேட்காமல் கொடுத்தது இன்னொரு தப்பு, அதையும் ஊர் முன்னால் எழுந்து சொல்லிக்கொள்கிறேன். நீ இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்க்காதே, ஏசி அறையில் தலை ஈரத்தோடு படுக்காதே, நீ கவனித்துக்கொள்கிற அந்தப் பெரியவர்களில் யாருக்காவது கிறிஸ்துமஸுக்கு ஆள் வரவில்லை என்றால் அவர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்து போ. பன்றியை ஈஸ்டருக்கு அறுப்பதாக இருந்தோம், இப்போது அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு கத்தியை எடுக்க உன் அப்பாவுக்குக் கை வரவில்லை.

நீ ஊருக்கு வரும்போது மண்டபத்தில் உனக்கென்று தனிப் பாய் இருக்காது. என் பாயில் வந்து உட்கார், நான் ஒதுங்கிக்கொள்கிறேன், நெருக்கமாகத்தான் இருக்கும்.

உனக்கு நலமும் சமாதானமும் செழிப்பும் ஆண்டவர் தரட்டும். அந்த ஒரு வரியை மறந்துவிடாதே.

உன் அம்மா
தெரெங்கா