போனை அம்மாட்டைக் குடுங்கோ

கோப்பாய் தெற்கு
11.01.2026

அன்பு மகள் சிவகௌரிக்கு அப்பா எழுதுவது,

நானும் அம்மாவும் இங்கே சுகம். நீயும் மருமகன் கோகுலனும் பேத்தி தனுஷிகாவும் அந்தக் குளிருக்குள் தடிமன், காய்ச்சல் என்று படுக்காமல் இருக்க வேண்டும் என்று பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். கிழமை தவறாமல் போனில் கதைக்கிற காலத்தில் அப்பா ஏன் நோர்வேக்குக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் அம்மா பக்கத்தில் நிற்பாள், இது அவள் காதில் விழக்கூடாத விஷயம், அதுதான். இந்தமுறை மழை அளவுக்கு மிஞ்சிப் பெய்து வெங்காயப் பாத்தி எல்லாம் வெள்ளம் நின்றது, இப்போது வற்றிவிட்டது. வேறு புதினம் இல்லை.

எனக்கு உன் அம்மாமேல் பொறாமை. எழுபத்தொரு வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உள்ளதை எழுதுகிறேன். நீ புரட்டாதியில் அனுப்பிய அந்தத் தச்சனின் கதைப் புத்தகம் வந்த நாள் தொடக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் இருவரும் ஒரு மணித்தியாலம் அதைப் பற்றியே கதைக்கிறீர்கள். நான் பக்கத்துக் கதிரையில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். என் முறை வந்தால் அப்பா சுகமோ, பிறஷர்க் குளிசை போட்டனீங்களோ, அவ்வளவுதான். உன்னைச் சைக்கிள் பாரில் இருத்தி வாசிகசாலைக்குக் கொண்டுபோனவன் நான். அங்கே இருந்த இரண்டு அலுமாரியையும் மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை வாசித்து முடித்தவனும் நான். அம்மாவோ நாளுக்கு நாலு பக்கம் வாசிப்பவள். அவளுக்குக் காட்ட வேண்டும் என்று அந்தப் புத்தகத்தை இரண்டே நாளில் முடித்தேன். கார்த்திகையில் ஒருநாள், அந்தத் தச்சன் வீட்டை விட்டுப் போனது சரியோ அப்பா என்று நீ கேட்டாய். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவன் கடைசியில் கடலில் சாகாமல் இருந்திருந்தால் சரி என்று சொல்லலாம் என்றேன். குசினிக்குள் நின்ற உன் அம்மா, அவன் எங்கை செத்தவன், செத்தது தமையன் எல்லோ என்றாள். நீ சிரித்தாய். சிரித்துவிட்டு, சரி அப்பா, போனை அம்மாட்டைக் குடுங்கோ என்றாய். நீ அதை மறந்திருப்பாய். வாசித்ததெல்லாம் மறந்துபோன எனக்கு அது மட்டும் மறக்கவில்லை.

அதன்பிறகு நான் பட்ட பாட்டைக் கேள். அதே புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு இருந்தால் பக்கத்துக் காணியில் தண்ணீர் இறைக்கிற மோட்டர்ச் சத்தம் கேட்கும், கண் வரியில் ஓடும், மனம் போய் மோட்டருக்குள் நிற்கும். முக்கியமான இடங்களுக்குப் பென்சிலால் கோடு போட்டேன். கடைசியில் பார்த்தால் கோடு போடாத வரியைத் தேடவேண்டி இருந்தது. ஞாபகத்துக்கு நல்லது என்று தினமும் வல்லாரைச் சம்பல் கேட்டேன், காரணம் சொல்லவில்லை. உன் அம்மா ஒன்றும் கேட்காமல் அரைத்துத் தந்தாள், ஆனால் என் சாப்பாட்டுக் கோப்பையில் போடும்போது வாய்க்குள் ஒரு சிரிப்பு. மத்தியானச் சாப்பாட்டில் தான் அன்று வாசித்த நாலு பக்கத்தையும் எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். நான் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு, இவளுக்கு மட்டும் எப்படி நிற்கிறது என்று எரிச்சல் படுவேன். அவள் சொன்னதை ஒருநாளும் காதில் வாங்கவில்லை.

மார்கழியில் திருவெம்பாவை நாட்களில் கோயிலில் புராணப் படிப்பு நடந்தது. உனக்குத் தெரியும், முப்பது வருஷமாக நான்தான் பாட்டைப் படிப்பேன், பொன்னம்பலம் அண்ணை பயன் சொல்லுவார். அவர் ஒவ்வொரு பாட்டுக்கும் பொருளைச் சனத்துக்கு விளங்கப்படுத்தும் நேரத்தில் நான் அடுத்த பாட்டுக்கு என்ன இராகம் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தமுறை அண்ணை கண் ஒப்பரேசனுக்குக் கொழும்புக்குப் போய்விட்டார். படிப்பதற்கு அருட்செல்வன் வாத்தியார் இருக்கிறார், முப்பது வருஷம் படிச்ச நீங்கள் பயன் சொல்லுங்கோ என்று என்னை இருத்திவிட்டார்கள். முதல் பாட்டுக்கு ஏதோ சொன்னேன். இரண்டாம் பாட்டுக்கு, மனப்பாடமாகப் பாடுகிற அந்தப் பாட்டுக்கு, வாயில் ஒரு சொல் வரவில்லை. இத்தனை வருஷமும் அது என் தொண்டையால் மட்டும் போய் வந்திருக்கிறது பிள்ளை. அருட்செல்வனே உரையைப் பார்த்து மிச்சத்தை முடித்தார். அம்மா பெண்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தநாள் சாப்பாட்டில் அவள் ஒன்றும் நடக்காதது போல, நேற்று நான் சொல்லாமல் விட்ட எட்டுப் பாட்டுக்கும் வரிசையாகப் பயன் சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாசிகசாலைப் படி மிதிக்காத உனக்கு உது எங்கையிருந்து வந்தது என்று கேட்டுவிட்டேன். அவள் சோற்றுக் கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டுச் சொன்னாள். நீங்களும் பிள்ளையும் விறாந்தையிலை இருந்து புத்தகக் கதை கதைக்கேக்கை நான் குசினியிலை நிண்டு கேட்டனான். விட்டதைத் திருப்பிக் கேக்க ஏலாது, பக்கத்தைப் பிரட்டிப் பாக்கவும் ஏலாது. கேட்டதை விடாமப் பிடிச்சு வைச்சு, கேளாததை நானே சேத்துச் சேத்துத்தான் சமைச்சனான். கோயிலிலை கேட்ட பயனும் அப்பிடித்தான் நிண்டது. வாவன், வந்து இரு எண்டு ஒருநாள் கூப்பிட்டனீங்களோ என்றாள். குரலை உயர்த்தவில்லை. பிறகு எனக்கு இன்னொரு கரண்டி சம்பல் போட்டாள்.

நாங்கள் ஒருநாளும் கூப்பிடவில்லை பிள்ளை. நீ அப்போது சின்னப்பிள்ளை, உன்னில் பிழை இல்லை. தேத்தண்ணி கொண்டா என்றுதான் நான் கூப்பிட்டிருக்கிறேன். இந்த மூன்று மாதமாக எனக்கு நெஞ்சுக்குள் எரிந்தது அவளுக்கு இருபது வருஷம் எரிந்திருக்கிறது.

இப்போது அவள் வாசிக்காத ஒரு புத்தகத்தை எடுத்து வைத்திருக்கிறேன். நாலு பக்கம் வாசித்து, மூடிவைத்து, மத்தியானம் அவளுக்குச் சொல்கிறேன். அவள் இடையில் ஏன், பிறகு என்று கேட்பாள். பதில் தெரியாவிட்டால் கையைக் கழுவிவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அப்படிப் பார்த்தது மறப்பதில்லை. நீயும் ரயிலில் வாசிக்கிறேன், இறங்கினால் ஒன்றும் நினைவில்லை என்று சொன்னாய் அல்லவா, வாசித்ததைக் கோகுலனுக்கு ஒருக்கால் சொல்லிப் பார். அவர் தலையாட்டினால் நம்பாதே, கேள்வி கேட்கச் சொல்லு.

பொறாமை போய்விட்டது என்று நினையாதே, இருக்கிறது. என்றாலும் ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுக்கும்போது இங்கே நான் தூக்கினாலும், அம்மாட்டைக் குடுங்கோ என்றே சொல்லு. அவள் விறாந்தைக் கதிரையில் இருந்து ஆறுதலாகக் கதைக்கட்டும். நான் குசினியில் நின்று தேங்காய் துருவிக்கொண்டு கேட்கிறேன். எனக்கு எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்போம்.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். பேத்திக்கு என் முத்தங்கள். இந்தக் கடிதத்தைப் பற்றி அம்மாவிடம் மூச்சும் விடாதே. வல்லாரைக் குளிசை ஏதும் வாங்கி அனுப்பவும் வேண்டாம்.

என்றும் உன் அன்பு அப்பா
வ. கனகலிங்கம்