உன் பெயரில் உள்ள வண்டி

ஜனவரி 11

என் செல்லப் பேத்திக்குப் பாட்டி எழுதுவது.

இங்கே நாங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, மற்ற நேரத்தில் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் உன் அப்பா அம்மாவும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

வண்டி வந்துவிட்டது. அதுதான் போனிலேயே சொல்லியாச்சே என்பாய். போனில் பேசினது உன் தாத்தா. நான் பக்கத்தில் நின்று தலையாட்டினதோடு சரி. என் பங்குக்கு நானும் சொல்ல வேண்டாமா?

கடையில் டை கட்டிய விற்பனைக்காரர் மூன்று வண்டிகளைக் காட்டினார். ஒன்று ரொம்பத் தாழ்வு, ஏறி உட்கார்ந்தால் கிணற்றில் இறங்கின மாதிரி இருந்தது. இன்னொன்று பெரிசு, நம் சந்தில் திரும்பாது. மூன்றாவதுதான் நம் வண்டி. உன் தாத்தா அதைக் கண்ணால் பார்த்ததைவிடக் கையால் பார்த்ததுதான் அதிகம். விளக்கு, கதவு, பின்பக்கம் என்று தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். பிறகு கழுத்தைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார். "என்ன ஐயா, புது மாப்பிள்ளை மாதிரி வெட்கப்படுறீங்க?" என்று விற்பனைக்காரர் சிரித்தார். வெள்ளை எது, சாம்பல் எது என்று தாத்தா இரண்டு தரம் கேட்டார். கடைக்குள் அத்தனை விளக்கு, எனக்கே கண் கூசியது.

பின்னால் யாராவது நின்றால் இந்த வண்டி தானாகவே கூவுமாம். விற்பனைக்காரர் போய் நின்று காட்டினார், கூவியது. "பின்னாடி கூவுதே, முன்னாடி கூவாதா?" என்று தாத்தா கேட்டார். "முன்னாடி பார்க்கத்தான் உங்களுக்குக் கண்ணு இருக்கே ஐயா" என்றார் அவர். எல்லோரும் சிரித்தோம். தாத்தா சிரிக்கவில்லை. இதுவே போதும் என்று சொல்லிவிட்டார்.

போன லீவில் நீ வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன காகிதங்களைச் சரிபார்க்கக் கடன் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். வாசலைப் படம் பிடித்தார், என்னையும் சேர்த்து. "ஓட்டப்போறது தாத்தா, கட்டப்போறது பேத்தியா?" என்று கேட்டார். ஆமாம், என் பேத்திதான், வெளிநாட்டுக் கம்பெனியில் இருக்கிறாள், அவளுக்குக் கீழே ஆறு பேர் என்று அவர் கேட்காததையும் சொன்னேன். சாட்சிக் கையெழுத்தை அஞ்சாம் வகுப்பில் போட்ட மாதிரியே சுழி சுழியாகப் போட்டேன். "மேனேஜர் கையெழுத்து தோத்துப் போயிடும் பாட்டி" என்றார். அறுபது மாதத் தவணை. உன் ஐந்து வருஷத்தை எங்களுக்குக் கொடுத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

முப்பத்து நாலு வருஷம் உன் தாத்தா மூன்று ஆலை முதலாளிகளுக்கு வண்டி ஓட்டினார். ஒரு கீறல் கிடையாது. ஒரு நாளாவது தனக்கு இஷ்டப்பட்ட தெருவில் திரும்பினதும் கிடையாது. நேற்று என்னைப் பின்சீட்டில் உட்காரவைத்து, "எங்கே போகணும் முதலாளியம்மா?" என்று கேட்டார். சும்மா நாலு தெரு சுற்றி வந்தோம். பார்த்தவர்களிடமெல்லாம் என் பேத்தி வாங்கிக்கொடுத்த வண்டி என்று சொன்னேன். பார்க்காதவர்களைக் கூப்பிட்டும் சொன்னேன்.

உள்ளே கொண்டுவரும்போது கேட்டில் லேசாக உரசியது. புது வண்டி, இன்னும் கைக்குப் படியவில்லை.

நீ நூறு வயசு இரு.

பாட்டி


மார்ச் 16

என் கண்ணே,

நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்தது. தாத்தாவுக்குத் தோள் கச்சிதமாக இருக்கிறது. பொத்தானைத்தான் ஒன்று விட்டு ஒன்று மாற்றிப் போட்டுக்கொள்கிறார். நான் அவிழ்த்து, மறுபடி சரியாகப் போட்டுவிடுகிறேன். என் முழங்கால் பழையபடியேதான், அது என்னோடுதான் போகும்.

எதிர்வீட்டுத் தையற்காரியின் இரட்டைப் பிள்ளைகள் உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போது இரண்டாம் வகுப்பு. அவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த வேன் நின்றுவிட்டது. காலை ஏழரைக்குப் பையை மாட்டிக்கொண்டு நம் வாசலில் வந்து நிற்கிறார்கள். தாத்தாதான் கொண்டுபோய் விடுகிறார். ஒண்ணு, ரெண்டு என்று பெயர் வைத்திருக்கிறார். முகத்தைப் பார்த்து எது ஒண்ணு என்று சொல்லமாட்டார். குரலைக் கேட்டால் சொல்லிவிடுவார். பிள்ளைகளுக்கு அது பெரிய விளையாட்டு.

நான் இப்போது பின்சீட்டு முதலாளியம்மா இல்லை, முன்சீட்டுக் கண்டக்டர். சிவப்பு என்கிறேன், நிறுத்துகிறார். பச்சை என்கிறேன், எடுக்கிறார். ஆள் என்றால் பிரேக். "பாட்டி வாயால ஓட்டுறாங்க, தாத்தா காலால ஓட்டுறாரு" என்று ரெண்டு நேற்று சொன்னது. வாயாடி. பெரிய வக்கீலாக வரும்.

ஒரு கூத்து நடந்தது, கேள். லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் டாக்டரின் சர்டிபிகேட் வேண்டும். கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு தரம் கண்ணாடி மாற்றிக் கொடுத்தும் தாத்தாவுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. கெடுவோ நெருங்கிவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு நாள் முன்னதாக எனக்குக் கண் உறுத்துகிறது என்று பொய் சொல்லி அந்த டாக்டரிடம் போனேன். சுவரில் எழுத்துப் பலகை இருந்தது. மேலே பெரிசு, கீழே போகப் போகப் பொடிசு. மருந்துச் சீட்டின் பின்பக்கம் அத்தனை வரியையும் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கிலீஷ் எழுத்து எனக்கு அந்தக் காலத்திலேயே தண்ணீர் பட்ட பாடு. தாத்தாவை எதிரே உட்காரவைத்து இரண்டு நாளும் ஒப்பிக்கச் சொன்னேன். நாலாவது வரியில் தடுமாறுவார், தலையில் ஒரு குட்டு வைப்பேன். டாக்டர் எதிரில் மணி மணியாகச் சொல்லிவிட்டார். "இந்த வயசுல இப்படி ஒரு பார்வையா!" என்று டாக்டர் அசந்துபோனார். வண்டிக்கு வரும்வரை அடக்கிக்கொண்டோம். உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினதும் வயிறு வலிக்கச் சிரித்தோம். தாத்தாதான் முதலில் நிறுத்தினார்.

ஐந்து வருஷத்துக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது.

மற்றபடி வண்டி நன்றாக ஓடுகிறது. இடப்பக்கக் கண்ணாடி ஒன்று மாற்றினோம். பேக்கரி வாசல் கல்லில் ஒரு தரம் ஏறி இறங்கியது, யாருக்கும் ஒன்றுமில்லை. போன வாரம் ஒரு நாய் குறுக்கே வந்தது. நான் "நாய்" என்று கத்தினேன். அவர் "எங்கே?" என்றார். நாய் நேர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தது. அதுவே ஓடிவிட்டது.

போனில் இதையெல்லாம் கேட்காதே. சும்மா உனக்காக எழுதினேன்.

தீர்க்காயுசாக இரு.

பாட்டி


மே 18

அன்புப் பேத்திக்கு,

இதை உன் அப்பா கண்ணில் படாமல் படி. அவனுக்குத் தெரிந்தால் உடனே போனில் கத்துவான். அப்பனும் மகனும் முட்டிக்கொண்டால் இரண்டு பேரும் ஆறு மாதம் பேசமாட்டார்கள், வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கும் போனில் சொல்ல வழியில்லை. மணி அடித்தால் தாத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். காது மட்டும் இப்போது கத்தி மாதிரி இருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவதற்கு முந்தின வாரம் எனக்குக் காய்ச்சல். படுத்திருந்தேன். வண்டிச் சத்தம் கேட்டு எழுந்து, போகாதீங்க என்று சொல்ல வாசலுக்கு வருவதற்குள் சந்து திரும்பிவிட்டது. பிள்ளைகள் இரண்டும் உள்ளே. போய்வர இருபது நிமிஷம் ஆகும். அன்று ஐம்பது நிமிஷம் ஆனது. அந்த ஐம்பது நிமிஷமும் நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வந்தார். முன்பக்கத்தில் இடது ஓரமாக ஒரு முழ நீளத்துக்குச் சிவப்பாக ஒரு கோடு. என்ன இது என்று கேட்டேன். "ஏதோ கிளை உரசிச்சு" என்றார். எந்தக் கிளையில் சிவப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்? தொட்டுப் பார்த்தேன், அது ரத்தம் இல்லை. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

காய்ச்சலோடு நடந்தே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கே பிள்ளைகள் சாலையைக் கடக்க உதவும் காவலாளி ஒருவர் இருக்கிறார். கையில் 'நில்' என்று எழுதின வட்டமான சிவப்புப் பலகை வைத்திருப்பார். அது இரண்டாகப் பிளந்து சுவரோரம் கிடந்தது. "பெரியவர் நிறுத்துவாருன்னு நடு ரோட்டுல நின்னேன் பாட்டி. என்னையேதான் பார்த்துக்கிட்டு வந்தாரு. பார்த்துக்கிட்டே வந்து பலகையைத் தட்டிட்டுப் போயிட்டாரு" என்றார். அவருக்குப் பின்னால் வரிசை கலையாமல் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு பதினொரு பிள்ளைகள் நின்றார்களாம். அவர்களை ஓரத்துக்கு இழுத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள், தாத்தா பத்தடி தள்ளி நிறுத்தி, ஒண்ணையும் ரெண்டையும் இறக்கிவிட்டு, நல்லாப் படிங்க என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாராம். நடந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. "உங்க முகத்துக்காகத்தான் புகார் குடுக்கல. அடுத்த தடவை உடையப்போறது பலகை இல்ல பாட்டி" என்றார் காவலாளி.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். கண்ணுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார்கள். கண்ணின் நடுப்பாகம் தேய்ந்துவிட்டதாம். ஓரத்தில் இருப்பது தெரியும், நேரே இருப்பது தெரியாது. எந்தக் கண்ணாடி போட்டாலும் தெரியாது. இனிமேல் வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் அவர் முகத்துக்கு நேரேயே சொன்னார். வெளியே வந்ததும் தாத்தா, "டாக்டருங்களுக்கு எல்லாமே கூடாதுதான்" என்று சாவியை எடுத்தார். அன்றும் அவர்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பச்சை, சிவப்பு என்று சொல்லிக்கொண்டு வந்தேன். வேறென்ன செய்வேன், சொல்லு.

எழுத்துப் பலகையை ஒப்பிக்கவைத்தவள் நான். பெருமையாக உனக்கு எழுதினவளும் நான். அந்தப் பதினொரு பிள்ளைகளுக்கு எதிரே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினது தாத்தா இல்லை கண்ணே.

சாவியை ஒளித்துவைத்துப் பார்த்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை தேடினார். அலமாரி அலமாரியாகத் தடவித் தடவித் தேடினார். எந்தத் தட்டிலும் கண்ணால் பார்க்கவில்லை, விரலால்தான் பார்த்தார். யாரையும் திட்டவில்லை. எங்கே வெச்சேன், எங்கே வெச்சேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை. மாவு டப்பாவுக்குப் பின்னால் விழுந்து கிடந்தது என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

தையற்காரியிடம், அவருக்கு முதுகுவலி, பிள்ளைகளை நடந்து போகச் சொல் என்றேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் அடுத்த நாளே முதுகுக்குத் தைலம் கொண்டுவந்து தாத்தாவிடம் கொடுத்தாள். "யாருக்கு முதுகுவலி? பிள்ளைங்களை அனுப்பும்மா" என்று அவர் சிரித்தார். அவள் அனுப்பாவிட்டாலும் அவர் வண்டியை எடுப்பார். கயிறு பிடித்து நிற்கிற பிள்ளைகள் எல்லாக் காலையிலும் நிற்பார்கள்.

இப்போது நான் கேட்பதை நீ செய்ய வேண்டும்.

உன்னால் தவணை கட்ட முடியவில்லை என்று தாத்தாவிடம் சொல். சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள், வண்டியை விற்றுக் கடனை அடைத்தால்தான் தலை தப்பும் என்று சொல். வண்டி உன் பெயரில் இருக்கிறது. கண் போச்சு, கொடுங்கள் என்று யார் கேட்டாலும் கொடுக்கமாட்டார். பேத்திக்குக் கஷ்டம் என்று கேள்விப்பட்டால் அந்த நிமிஷமே கொடுத்துவிடுவார். பரவாயில்ல கண்ணு என்பார். நீ அழுதுவிடாதே. அழுதால் குரலில் கண்டுபிடித்துவிடுவார். விற்பதில் உனக்கு நஷ்டம் வரும். அதற்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

தெரு என்னைக் கேட்கும். பேத்தியால் கட்ட முடியவில்லை, வண்டி போய்விட்டது என்று வீடு வீடாக நானே சொல்வேன். ஆறு பேருக்கு மேலே இருக்கிறவள் என்று சொன்ன இடத்திலேயே நின்று சொல்வேன். உன் பெயரை நான் கெடுக்கிறேன் என்று நினைக்காதே. நினைத்தாலும் பொறுத்துக்கொள்.

தானே ஓட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன் என்பார். அதற்கு மட்டும் சம்மதிக்காதே. வீட்டுக்கு ஆள் அனுப்பி எடுத்துப்போகச் சொல்.

ஜூன் ஒன்றாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வர எட்டு நாள் ஆகும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஆறு நாள்தான் இருக்கும். தாத்தா தினமும் வண்டியைத் துடைக்கிறார். எல்லா இடமும் முகம் பார்க்கலாம் போல் மின்னுகிறது. அந்தச் சிவப்புக் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. நீ கூப்பிடாவிட்டால் ஒன்றாம் தேதி காலையில் நான் முன்சீட்டில் உட்கார்ந்திருப்பேன். என் கண்ணுக்கும் எழுபத்து மூன்று வயதாகிறது.

உனக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இரு. அங்கே சாலையைக் கடக்கும்போது நின்று, இரண்டு பக்கமும் பார்த்துப் போ. எதிரே ஓட்டிக்கொண்டு வருகிறவர் உன்னைப் பார்க்கிறார் என்று மட்டும் நம்பிவிடாதே.

உன் பாட்டி